வீட்டுக்குக் கார்ப்பெட்: ரேட்டைக் கேட்கும் முன் கட்டிங் பிளானைக் கேளுங்கள்

வேலூரில் வீட்டுக்குள் சுவரோடு சுவராகக் கார்ப்பெட் போடுகிறவர்கள் குறைவு. இங்கத்து மே மாத வெயிலையும் தெருப்புழுதியையும் தெரிந்தவர்கள் ஹாலில் போட யோசிப்பார்கள். ஏ.சி. படுக்கையறை, மாடியில் ஹோம் தியேட்டர், தொழுகைக்கென்று ஒதுக்கிய அறை, வீட்டோடு சேர்ந்த சின்ன ஆபீஸ், இவற்றில்தான் வேலை நடக்கிறது. அதனால் கார்ப்பெட்டை மட்டுமே தொழிலாகச் செய்கிற ஆளை ஊருக்குள் தேடுவது கஷ்டம். ஸ்க்ரீன் துணி, வால்பேப்பர், வினைல் ஃப்ளோரிங் விற்கிற கடைதான் கார்ப்பெட்டுக்கும் ஆர்டர் எடுக்கும். ரோல் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரும். வந்து போடுகிற ஆட்கள் கடைக்காரரின் ஆட்களாக இருக்க மாட்டார்கள், அவர்கள் நாள் கூலிக்கோ சதுர அடிக் கூலிக்கோ வருகிறவர்கள். ஏதாவது தப்பானால் கடைக்காரர் ஆட்களைக் காட்டுவார், ஆட்கள் "ரோலே இப்படித்தான் வந்துச்சு சார்" என்பார்கள். இவர்கள் எல்லோரையும் கட்டிப்போடுவது ஒரு தாள்தான்: அறையின் அளவு, ரோல் அகலம், ஜாயிண்ட் எங்கே என்று வரைந்து நீங்களும் கடைக்காரரும் கையெழுத்துப் போட்ட கட்டிங் பிளான். சதுர அடி ரேட்டை மட்டும் வைத்து நான்கு கடைகளை ஒப்பிடுவது வீண்வேலை.

ஏன் என்று கணக்கில் பார்த்தால் தெரியும். கார்ப்பெட் ரோல் பெரும்பாலும் 4 மீட்டர் அகலம், அதாவது 13 அடி ஒன்றரை அங்குலம். 12 அடி அகல ரோலும் உண்டு. உங்கள் அறை 14க்கு 12 என்று வையுங்கள், தரை 168 சதுர அடி. 4 மீட்டர் ரோலில் நீளவாக்கில் இரண்டு பக்கமும் 3 அங்குலம் விட்டு 14 அடி 6 அங்குலம் வெட்டினால் பில் 190 சதுர அடிக்கு வரும். அந்த 22 சதுர அடி ஏமாற்று இல்லை, அது ரோலின் அகலம் செய்கிற வேலை. ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது. "12 அடி ரோல் போட்டா வேஸ்டே இல்ல சார்" என்று ஒருவர் குறைத்துச் சொல்வார். மூலைமட்டம் வைத்துக் கட்டிய வீடு எத்தனை? 12 அடி என்று நாம் சொல்கிற அறை ஒரு முனையில் 12 அடி, மறுமுனையில் 12 அடி 1 அங்குலம் இருக்கும். ஓரம் வெட்டிச் சீராக்க மிச்சமே இல்லாத ரோல், ஒரு சுவரோரம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அளவெடுக்க வருகிறவர் அறையின் இரண்டு முனையிலும் நடுவிலும் டேப் பிடிக்கிறாரா என்று பாருங்கள். ஒரே ஒரு இடத்தில் அளந்துவிட்டுக் கிளம்பினால் அவரை நம்ப வேண்டாம்.

பெரிய அறையில் விஷயம் இன்னும் கூர்மை. 22க்கு 14 ஹால், தரை 308 சதுர அடி. இதில் ஜாயிண்ட் இல்லாமல் முடியாது. ஒழுங்கான வழி, 14 அடி 6 அங்குலத்தில் இரண்டு வெட்டு எடுத்துக் குறுக்கே போடுவது. மொத்தம் 29 அடி நீளம், பில் சுமார் 381 சதுர அடி. ஹாலின் குறுக்கே ஒரே ஒரு ஜாயிண்ட். இன்னொருவர் 322 சதுர அடிக்குக் கொட்டேஷன் தருவார். எப்படி? நீளவாக்கில் 22 அடி 6 அங்குலத்துக்கு ஒரே வெட்டு, சுவரோரம் மிஞ்சும் பத்தரை அங்குல இடைவெளிக்கு வெறும் 2 அடி நீளத்தை மட்டும் கூடுதலாக வெட்டி அதிலிருந்து துண்டு. அந்த 2 அடியை நீளவாக்கிலேயே கீறினால் 12 துண்டு ஒட்ட வேண்டும். குறுக்கே கீறினால் இரண்டே துண்டில் முடியும், ஆனால் நூல் சாயும் திசை மாறிவிடும். வெளிச்சத்தில் அந்த ஓரப்பட்டை வேறு கலரில் தெரியும். ஒரே ரோல்தான், ஆனாலும் தெரியும். சோபாவும் டிவி யூனிட்டும் அந்தச் சுவரை முழுக்க மறைக்கும் என்றால், 5 அடி 9 அங்குலம் கூடுதலாக வெட்டி, திசை மாறாமல் நான்கு துண்டு ஒட்டுவதைப் பற்றிப் பேசலாம். ஒழுங்கான வழியைவிட அதில் குறைவது 10 சதுர அடிதான் என்பதால் நான் அதற்கும் போக மாட்டேன்.

ஆக, பிளானில் இருக்க வேண்டியவை: ரோல் அகலம், ஒவ்வொரு வெட்டின் நீளம், நூல் சாயும் திசைக்கு ஒரு அம்புக்குறி, ஜாயிண்ட் கோடு. ஜாயிண்ட் ஜன்னலை நோக்கி ஓட வேண்டும், ஜன்னலுக்குக் குறுக்கே ஓடக் கூடாது, ஏனென்றால் பக்கவாட்டு வெளிச்சம் மேட்டையும் பள்ளத்தையும் நிழலாகக் காட்டிக்கொடுக்கும். கதவுக்கு நேரே, கால் திரும்புகிற இடத்தில் ஜாயிண்ட் வரவே கூடாது. ஹாலில் ஜன்னல் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து மேலே சொன்ன கணக்கு மாறும். ஆட்களில் தமிழ் தெரியாத பையன்கள் வந்தாலும் படம் புரியும். அவர்கள் கத்தியை எடுக்கும் முன் அந்தத் தாளைத் தரையில் விரித்துக் காட்டிவிடுங்கள்.

அடுத்தது தரை. பாதிக் கோளாறு இங்கேதான். வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுவது மரத்தரையும் கிரிப்பர் பட்டையும். ஒரு அங்குல அகலப் பலகைப் பட்டை, அதில் சுவரை நோக்கிச் சாய்ந்த ஊசிகள். சுவரோரம் அதை ஆணியடித்து, கார்ப்பெட்டை இழுத்து மாட்டுவார்கள். நம் வீடுகளில் இருப்பது விட்ரிஃபைட் டைல்ஸ் அல்லது கிரானைட். அதில் கான்கிரீட் ஆணி அடித்தால் டைல் விரியும். ஓரத்து டைலுக்கு அடியில் கலவை சரியாக நிரம்பாமல் இருந்தால் முதல் அடியிலேயே விரியும். விரல் கணுவால் தட்டிப் பாருங்கள், பொள்ளல் சத்தம் வந்தால் ஆணி கூடவே கூடாது. கிரிப்பர்தான் வேண்டுமென்றால் கன்ஸ்ட்ரக்‌ஷன் அட்ஹெசிவ் வைத்து ஒட்டி, ஒரு நாள் இறுக விட்டு, மறுநாள்தான் கார்ப்பெட்டை இழுக்க வேண்டும். காலையில் ஒட்டி மதியம் இழுத்தால் பட்டை பிய்த்துக்கொண்டு வந்துவிடும். இரண்டு நாள் கூலி ஆகிறது என்று இதைத்தான் தவிர்க்கப் பார்ப்பார்கள். பட்டை பிளைவுட் என்பதால் கரையான் வந்த வீட்டில் யோசிக்க வேண்டும்.

இங்கே அதிகம் நடப்பது நேரடியாகத் தரையில் பேஸ்டிங். ஃபெவிகால் எஸ்.ஆர். வகைச் சிந்தெடிக் ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு அழுத்துவது. பளபளக்கும் டைலில் மெழுகோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் பிடிக்காது. முதல் நாளே தண்ணீரில் சோப்புப் போட்டுத் துடைத்து முழுக்க உலர விட வேண்டும். கோடையில் நண்பகலில் தடவினால் பசை ஒட்டும் முன்பே மேலே ஆடை கட்டிவிடும். பிடித்தாற்போலத் தெரியும், சில வாரத்தில் ஓரம் எழும்பும். ஏப்ரல், மே என்றால் காலையிலேயே தொடங்கச் சொல்லுங்கள். ஒரே வீச்சில் அறை முழுக்கத் தடவாமல் பாதி பாதியாகச் சுருட்டி ஒட்டச் சொல்லுங்கள். இந்தப் பசையின் ஆவி தீப்பிடிக்கும். பூஜை அறை விளக்கு, கேஸ் அடுப்பு, ஊதுவத்தி எல்லாம் அணைந்திருக்க வேண்டும். ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். குழந்தைகளும் ஆஸ்துமா உள்ள பெரியவர்களும் அன்று வேறு வீட்டில் படுப்பது நல்லது. இன்னொன்று, பின்னால் பிரித்தெடுத்தால் பசை டைலில் பாளம் பாளமாக நிற்கும். வாடகை வீட்டில் பேஸ்டிங் போட்டால் அட்வான்ஸில் கை வைப்பார்கள்.

தரைத்தளம் என்றால் ஓதம் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் ஷீட்டை சிமெண்ட் தரையில் நான்கு பக்கமும் டேப் வைத்து ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். பிரிக்கும்போது அடியில் நீர்த்துளி இருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ ஈரம் மேலே வருகிறது என்று அர்த்தம். டைல்ஸ் தரையில் இந்தச் சோதனை சரியாகக் காட்டாது. அங்கே டைல் இடுக்கில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். புதிதாகப் போட்ட சிமெண்ட் தளம் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு நாள் என்ற கணக்கில் காயும். 50 மி.மீ. தளத்துக்கு நல்ல வெயிலிலேயே ஏழு வாரம் வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் இன்னும் இழுக்கும். 2021 நவம்பரில் பாலாற்று வெள்ளம் புகுந்த தெருக்களில் தரைத்தளத்துக்குக் கார்ப்பெட் பேச்சே வேண்டாம். அடிப்பக்கம் சணலால் ஆன கார்ப்பெட் ஈரம் பட்டால் முதலில் நாறும், பிறகு மக்கும். சாம்பிளைத் திருப்பிப் பார்த்தாலே சணலா சிந்தெடிக்கா என்று தெரிந்துவிடும்.

திருப்பிப் பார்க்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். அடியில் நெசவு வலையே இல்லாமல் கம்பளித் துணி அழுத்தியதுபோல 3, 4 மி.மீ. கனத்தில் இருந்தால் அது கல்யாண மண்டபத்தில் விரிக்கிற நான்-ஓவன். வீட்டு அறைக்கு அதை "வால் டு வால்" என்று சொல்லி ரேட் போடுவதும் நடக்கிறது. பூனை இருக்கிற வீட்டில் லூப் பைல், அதாவது நூல் வெட்டப்படாமல் கண்ணி கண்ணியாக நிற்கிற வகை, வாங்காதீர்கள். நகத்தில் ஒரு கண்ணி மாட்டினால் வரிசையாகப் பிரியும்.

மெத்தென்று இருக்க கார்ப்பெட்டுக்கு அடியில் அண்டர்லே என்ற மெத்தை விரிப்புப் போடுவார்கள். கனம் கூடக் கூட நல்லது என்று நினைக்க வேண்டாம். அதிகக் கனமும் அதிக மென்மையும் சேர்ந்தால் நடக்கும்போது ஜாயிண்ட் மேலும் கீழும் ஆடித் திறந்துகொள்ளும். 8 மி.மீ. போதும், அழுத்தினால் தரை தட்டாத அடர்த்தி முக்கியம். கிரிப்பர் முறையில் அண்டர்லே பட்டைக்கு முன்பே நின்றுவிட வேண்டும், பட்டை மேல் ஏறக் கூடாது. அண்டர்லே ஜாயிண்ட்டும் கார்ப்பெட் ஜாயிண்ட்டும் ஒரே கோட்டில் வரக் கூடாது.

வேலை நாளில் பக்கத்திலேயே நிற்க வேண்டிய நேரம் ஜாயிண்ட் போடும் நேரம்தான். ரோல் அதற்கு முந்தின நாளே வந்து அந்த அறையிலேயே கிடந்திருக்க வேண்டும், சுருட்டின வளைவு விட்டுவிடும். இரண்டு ஓரத்தையும் ஆலை விளிம்போடு சேர்க்காமல், ஓரம் சீவி எடுத்த பிறகு சேர்க்க வேண்டும். அடியில் சூட்டில் உருகி ஒட்டுகிற ஹாட்மெல்ட் டேப், அதன் மேல் அதை உருக்குகிற இஸ்திரிப் பெட்டி போன்ற சீமிங் அயர்ன் மெதுவாக நகரும், பின்னாலேயே இரண்டு ஓரத்தையும் சேர்த்து அழுத்தி, எடை வைத்து ஆற விட வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் அடிப்பக்கம் உருகிச் சுருங்கி, மேலே ஒரு வரப்பு எழும்பும். அது பிறகு அமுங்கவே அமுங்காது. வெட்டிய ஓரத்துக்கு லேடெக்ஸ் பசை தடவினார்களா என்று கேளுங்கள், தடவாவிட்டால் நூல் உதிரும். முடிந்த பிறகு ஜாயிண்ட்டில் நூல் நீட்டிக்கொண்டிருந்தால் இழுக்காமல் கத்தரியால் நறுக்குங்கள்.

கிரிப்பர் முறையில் இழுப்பதற்கு பவர் ஸ்ட்ரெச்சர் (எதிர்ச்சுவரில் ஊன்றி நெம்புகோலால் இழுக்கிற கருவி) கொண்டு வருகிறார்களா என்று முன்பே கேட்க வேண்டும். முட்டியால் இடிக்கிற கிக்கரை மட்டும் நம்பினால் சில மாதத்தில் அலை அலையாக எழும். 14 அடி நீளத்தில் ஒன்றரை முதல் 2 அங்குலம் இழுபட்டால்தான் சரியான இறுக்கம்.

கதவை எல்லோரும் மறப்பார்கள். 10 மி.மீ. கார்ப்பெட், 8 மி.மீ. அண்டர்லே சேர்ந்தால் தரை உயரும், உள்ளே திறக்கிற கதவு அடிபடும். கதவைக் கழற்றி இழைப்பதற்கு ஆசாரி தனி, கார்ப்பெட் ஆட்கள் தொட மாட்டார்கள். வாசலில் அலுமினியப் பட்டை கொட்டேஷனில் இருக்கிறதா என்று பாருங்கள், பல நேரம் "எக்ஸ்ட்ரா" என்பார்கள். அட்டாச்டு பாத்ரூம் வாசலில் ஒரு அடியாவது கார்ப்பெட் இல்லாமல் டைலாகவே விட்டுவிடுவது புத்திசாலித்தனம். கடைக்காரர் ஒப்பமாட்டார், நீங்கள் பிடிவாதமாக நில்லுங்கள்.

இதெல்லாம் தலைவலி என்றால் 50 செ.மீ. கார்ப்பெட் டைல் இருக்கிறது. ஒன்று 2.7 சதுர அடி. 168 சதுர அடி அறைக்கு 63, வெட்டுச் சேதாரத்துக்கு ஐந்தாறு, மாற்றிப் போட நான்கைந்து என்று ஏறத்தாழ 73 வாங்கலாம். ஒரு துண்டில் காபி கொட்டினால் அதை மட்டும் மாற்றலாம். பின்னால் அம்புக்குறி இருக்கும், அதை எந்த முறையில் வைப்பது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்யுங்கள். அறை நடுவிலிருந்து தொடங்கிப் போட வேண்டும், சுவரிலிருந்து தொடங்கினால் எதிர்ச்சுவரில் இரண்டு அங்குலக் கீற்று வந்து நிற்கும். வாடகை வீட்டுக்கு இதுதான் பொருத்தம்.

பணம் மூன்று தவணையாகப் பிரியட்டும்: ஆர்டருக்கு, ரோல் வந்து அளந்து பார்த்த பிறகு, வேலை முடிந்து ஒரு வாரம் கழித்து. கடைசித் தவணை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். ஓரம் எழும்புவதும் ஜாயிண்ட் விடுவதும் தெரிய அந்த ஒரு வாரமாவது வேண்டும். பில்லில் பொருளும் கூலியும் தனித்தனியாக, ஜி.எஸ்.டி. எண்ணோடு இருக்கட்டும். வெட்டி மிஞ்சின துண்டுக்கும் நீங்கள்தான் காசு கொடுத்தீர்கள், வண்டியில் ஏறும் முன் வாங்கி வையுங்கள், பின்னால் ஒட்டுப்போட அதே சாயத்தில் வேறெங்கும் கிடைக்காது. கடை சென்னையில் இருந்தாலும் புகாருக்கு நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். தீராவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் மனு போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்தவர்கள் 2019இல் மாவட்டம் பிரிந்ததை மனதில் வைத்து, தங்கள் மனுவை எந்த அலுவலகம் வாங்குகிறது என்று கேட்டுக்கொண்டு போகவும். மனுவோடு சேர்க்க பில், கையெழுத்தான கட்டிங் பிளான், வேலைக்கு முன்னும் பின்னும் ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படங்கள் போதும்.