நாற்பது அடிக் கம்பமும் பண்ணைக் கடலும்

அம்மாவை மண்டைதீவில் இருந்து கிளப்பி யாழ்ப்பாண டவுனுக்குக் கொண்டுவர அக்காவும் நானும் எத்தனையோ தரம் முயன்று தோற்ற பிறகுதான், சரி, அவர் வராவிட்டால் இணையத்தையாவது அங்கே கொண்டுபோவோம் என்று முடிவெடுத்தோம். வீட்டில் போன் சிக்னல் விறாந்தையில் ஒரு கட்டை, கிணற்றடியில் இரண்டு கட்டை. கனடாவில் இருந்து அண்ணா வீடியோ கோல் எடுத்தால் அம்மா கிணற்றுக் கட்டில் போய் இருந்துதான் கதைப்பார், மாரியில் குடையோடு. பைபர் கேட்டு எழுதிக் கொடுத்த விண்ணப்பம் யாருடைய மேசையிலோ கிடக்கிறது.

அக்கா வீடு குருநகர்ப் பக்கம், மேல்மாடி, பைபர் இருக்கிறது. மொட்டை மாடியில் ஏறினால் கடலுக்கு அந்தப் பக்கம் மண்டைதீவுப் பனைகள் தெரியும். வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தேன், ஐந்து கிலோமீற்றருக்குக் கிட்ட. நடுவில் ஒரு கட்டடம் இல்லை, மரம் இல்லை, தண்ணீரும் சிறகுவலைக் கம்புகளும்தான். இதைவிட லேசான இடம் கிடைக்காது என்று நினைத்தேன். அங்கேதான் பிழை விட்டேன்.

அக்கா வீட்டு இணையத்தைக் கம்பி இல்லாமல் கடலுக்கு மேலால் அனுப்ப வாங்கியது இரண்டு யூபிக்விட்டி லைட்பீம், வீட்டுக்கு ஒன்றாக எதிரும் புதிருமாகப் பூட்டுகிற, சின்னத் தட்டு வைத்த ரகம். 5.8 கிகாஹேர்ட்ஸில் ஐந்து கிலோமீற்றர் போனால் சிக்னல் ஏறக்குறைய 122 டெசிபெல் (சிக்னல் கூடுவதையும் குறைவதையும் அளக்கும் அலகு) இழக்கும். இரண்டு தட்டும் தலைக்கு 23 டெசிபெல் திருப்பித் தரும், கருவி 20 டிபிஎம்மில் (ஒரு மில்லிவாட்டை அடியாக வைத்த டெசிபெல் கணக்கு) அனுப்பினால் மற்றப் பக்கம் மைனஸ் 56 வர வேண்டும். இதில் பூச்சியத்துக்குக் கிட்ட வரவரத்தான் நல்லது. மைனஸ் 56 என்றால் ராசா மாதிரி.

இன்னொரு விஷயம், கண்ணுக்கு நேராகத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை ஒரு நூல் மாதிரிப் போகாது, நடுவில் பருத்த சுருட்டு மாதிரிப் போகும். எங்கள் தூரத்துக்கு அந்தச் சுருட்டின் நடு ஆரம் எட்டு மீற்றர், அதில் அறுபது வீதமாவது மறைப்பில்லாமல் இருக்க வேண்டும். இதைச் சொன்னதுதான் தாமதம், வெல்டிங் கடை அண்ணையில் இருந்து பக்கத்து வீட்டு மாமா வரைக்கும் ஒரே பாட்டு, "தம்பி, உயர்த்திப் போடு". உயர்த்திப் போட்டோம். அம்மா வீட்டில் நாற்பது அடி ஜீஐ பைப், சோளகக் காற்றுக்கு ஆடாமல் மூன்று பக்கம் இழுவைக் கம்பி. செலவில் பாதி அந்தக் கம்பத்துக்கே போயிற்று.

பின்னேரம் அத்தான் குருநகர் மாடியில், நான் அம்மா வீட்டில் ஏணியில். எந்தப் புள்ளியைப் பார்த்துத் திருப்புவது என்று தெரியாமல் இருந்தபோது அத்தான் குளியலறைக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து வெயிலைத் திருப்பிக் காட்டினார். கடலுக்கு அப்பால் ஒரு நெருப்புப் பொறி மினுங்கியது, தட்டை அதற்கு நேரே வைத்தேன். வந்தது மைனஸ் 71.

தட்டின் முதன்மைக் கதிரை விட்டுவிட்டு பக்கத்தில் கசியும் பலவீனமான பக்கக் கதிரில் மாட்டிக்கொண்டோமோ என்று அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நன்றாகத் திருப்பிப் பார்த்தோம், இல்லை. அதைவிட விசர் பிடிக்கவைத்தது, அந்த இலக்கம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. காலையில் மைனஸ் 67, மத்தியானம் மைனஸ் 74, ஒரு நாள் இரவு அறுந்தே போயிற்று. மழையும் இல்லை. (மழையைக் குற்றம் சொல்வது எங்கள் ஆட்களின் பழக்கம். இந்த அலைவரிசையில் ஐந்து கிலோமீற்றருக்கு மழை தின்பது மிகக் கொஞ்சம். மழைக்குப் பிறகு லிங்க் போனால் முதலில் பார்க்க வேண்டியது செருகியில் தண்ணீர் போயிருக்கிறதா என்றுதான்.)

செருகியைப் பார்க்கத்தான் மூன்றாம் நாள் தட்டை இறக்கினேன். பாதியில், கூரை முகட்டுக்குக் கொஞ்சம் மேலே, கை வலித்து நிறுத்திவிட்டு போனைப் பார்த்தால் மைனஸ் 57! ஏற்றினேன், விழுந்தது. இறக்கினேன், வந்தது.

இரவு கொப்பியும் பேனையுமாக இருந்து கணக்குப் பார்த்தபோதுதான் விளங்கியது. தண்ணீர் ஒரு கண்ணாடி. அலை நேராகவும் வருகிறது, கடலில் பட்டுத் தெறித்தும் வருகிறது. அக்கா வீட்டுத் தட்டு பத்து மீற்றரில், எங்களுடையது நாற்பது அடியில் என்றால் தெறித்து வரும் அலை நேரலையைவிட ஏறக்குறைய ஐந்து சென்ரிமீற்றர் கூட ஓடுகிறது. 5.8 கிகாஹேர்ட்ஸின் அலைநீளமும் கிட்டத்தட்ட அதே ஐந்து சொச்சம். தண்ணீரில் படும்போது அலை தலைகீழாகியும் விடுவதால் இரண்டும் வந்து சேரும் இடத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. கடல் மட்டம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் கணக்கு மாறுகிறது, அதுதான் காலைக்கும் மத்தியானத்துக்கும் வித்தியாசம். இருபத்தைந்து அடிக்கு இறக்கினால் அந்த ஓட்ட வித்தியாசம் மூன்று சென்ரிமீற்றராகி, அதாவது அரை அலைநீளத்துக்குக் கிட்ட வந்து, அடிபட்ட இரண்டும் கைகோத்து வருகின்றன. சுருட்டுக்கும் இடம் மிச்சம் இருக்கிறது. நாங்கள் காசு கொடுத்து ஏற்றிய பதினைந்து அடிதான் எங்களைக் கெடுத்தது. மைனஸ் 71க்கும் மைனஸ் 57க்கும் இடையிலான 14 டெசிபெல் என்பது இருபத்தைந்து மடங்கு.

கம்பத்தை அறுக்கவில்லை, அம்மா விடவில்லை. மேல் பாதி சும்மா நிற்கிறது, காகம் இருக்கிறது.

மற்றதெல்லாம் சின்ன வேலை. சனலின் அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸுக்குச் சுருக்கினேன், டவுன் பக்கத்து இரைச்சல் குறைந்தது, 80 மெகாபிட் தாராளமாக வருகிறது. வெளிக் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு தொங்கல் வளைவு, தண்ணீர் அதிலேயே சொட்டட்டும். ஐப்பசி இடிக்கு முன்னம் கம்பத்துக்கு எர்த் கம்பி அடித்தாயிற்று. ஆணிகள்தான் கவலை, உப்புக் காற்றுக்கு மூன்று மாதத்திலேயே சிவக்கத் தொடங்கிவிட்டன, துருப்பிடிக்காத எஃகு வாங்காதது என் கஞ்சத்தனம்.

போன கிழமை அண்ணா கோல் எடுத்தபோது அம்மா வழக்கம்போல எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். அங்கே வை-ஃபை எட்டாது, உள்ளே இருந்து கதையுங்கோ என்றேன். காற்று வாங்குகிற இடம் அதுதான், அங்கேயும் ஒன்று பூட்டிவிடு என்கிறார். அதற்கு ஒரு பெட்டி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.