அம்மாவின் இரண்டு மாத்திரைகள்

அம்மாவுக்கு மார்பகத்தில் வந்த புற்றுநோய் முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவிய பிறகு, எங்கள் வீட்டில் வலி மாத்திரை இரண்டாகிவிட்டது. ஒன்று, மெதுவாகக் கரைந்து பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்யும் மார்பின் (morphine, அபினிலிருந்து எடுக்கப்படும் வலி மருந்து); வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் கொடுக்க வேண்டியது. மற்றொன்று, அரை மணி நேரத்தில் வலியைக் குறைத்து, நான்கு மணி நேரத்தில் வேகம் தணிந்துவிடும் சாதாரண மார்பின். முதல் மாத்திரையையும் மீறி வலி கிளம்பும்போது மட்டும் கொடுக்க வேண்டியது.

முதல் மாத்திரையை வீட்டில் யாரும் கேள்வி கேட்பதில்லை, ஏனெனில் அதன் நேரத்தை மருத்துவரே எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டாவதைக் கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு நம் கையில் இருப்பதால், அதைச் சுற்றித்தான் தயக்கம் எல்லாம். "அக்கா, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோயேன், இதுவே பழகிடப் போகுது" என்று சித்தி சொல்வார். அம்மாவும் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டுவார். நீண்ட நாள் மார்பின் சாப்பிட்டால் உடல் அதற்குப் பழகும் என்பதும், அதனால் திடீரென நிறுத்தக் கூடாது என்பதும் உண்மை. ஆனால் அதுவும் போதைக்காக ஏங்குவதும் ஒன்றல்ல. (ஆண்டுக்கணக்கில் தொடரும் சாதாரண முதுகுவலிக்கு இம்மருந்தைத் தருவதில் மருத்துவர்கள் தயங்குவது நியாயமானதே, நான் பேசுவது புற்றுநோய் வலியைப் பற்றி மட்டும்.)

இடையில் கொடுக்கும் மாத்திரைக்கும் ஒரு கணக்கு உண்டு. வழக்கமாக அது ஒரு நாளின் மொத்த அளவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காக இருக்கும். அம்மாவுக்கு 30 மில்லிகிராம் இருவேளை, ஆக நாளொன்றுக்கு 60. எனவே இடை மாத்திரை 10 மில்லிகிராம். இருவேளை கொடுக்கும் அடிப்படை அளவைக் கூட்டினால் இதையும் சேர்த்துக் கூட்ட வேண்டியிருக்கும் என்பதால், இரண்டையும் மருத்துவர்தான் மாற்ற வேண்டும்.

இடை மாத்திரை கொடுத்த ஒவ்வொரு முறையும், நாள்காட்டியிலிருந்து கிழித்த தாளின் பின்புறத்தில் நேரத்தையும், அப்போது அம்மா என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும், ஒரு மணி நேரம் கழித்து வலி எவ்வளவு இருந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன். வெறும் எண்ணிக்கையைவிட இந்தக் குறிப்புதான் மருத்துவருக்குப் பயன்படுகிறது. தினமும் மாலை ஆறு மணிக்கு மேல், அதாவது அடுத்த மாத்திரைக்குச் சற்று முன்பாகவே வலி வந்தால், அடிப்படை அளவு போதவில்லை என்று பொருள். படுத்திருக்கும்போது ஒன்றுமில்லாமல், உடம்பு துடைக்கப் புரட்டும்போது மட்டும் வலித்தால், அடிப்படை அளவைக் கூட்டுவது நாள் முழுவதும் தூக்கக் கலக்கத்தைத் தருமே ஒழிய, அந்தப் பத்து நிமிட வலிக்கு அது வழியல்ல. அதற்குத் துடைப்பதற்கு அரை மணி நேரம் முன்பே இடை மாத்திரையைக் கொடுத்துவிட வேண்டும். இப்போது வெந்நீர் போடும் முன்பே மாத்திரை கொடுத்துவிடுகிறோம். இடுப்புக்குக் கீழே துணியை மாற்றும்போது அம்மா கட்டில் கம்பியைப் பிடிப்பதில்லை.

வாய்ப்புண் வந்து விழுங்கச் சிரமப்பட்ட நாட்களில், பெரிய மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கலாமே என்று ஓர் உறவினர் யோசனை சொன்னார். அது கூடவே கூடாது. பன்னிரண்டு மணி நேரத்துக்கான மருந்து மொத்தமாக உடம்பில் இறங்கிவிடும். விழுங்க முடியாதவர்களுக்கு ஃபெண்டனில் என்ற வலி மருந்துள்ள பட்டை போன்ற மாற்று வழிகள் உள்ளன. தோலில் ஒட்டினால் வழக்கமாக மூன்று நாள் வரும், ஆனால் முழுப் பலன் தெரிய அரை நாளுக்கு மேல் ஆகும். அதன்மேல் ஒத்தடம் கொடுத்தால் மருந்து வேகமாக உள்ளே போய்விடும் என்பதால், வெந்நீர்ப் பையை அதன் அருகிலேயே கொண்டுபோகக் கூடாது.

மார்பினால் வரும் குமட்டல் பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும், மலச்சிக்கல் அடங்காது. அதற்கான மருந்தை முதல் நாளிலிருந்தே மார்பினுடன் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்து உடலில் நீர் குறைந்தால், மார்பினின் கழிவுகள் சிறுநீரகம் வழியாக வெளியேறாமல் தேங்கும். எழுப்பினாலும் கண் திறக்காத உறக்கம், மெதுவாகும் மூச்சு, மிகச் சிறுத்துப்போன கண்மணி இவற்றைக் கண்டால், அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மருந்து கிடைப்பது இன்னொரு பாடு. அரசு உரிமம் பெற்று மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அபின் பயிராகும் நாடு இது. இருந்தும், 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிக்கு அஞ்சி மருத்துவமனைகள் பல காலம் மார்பினை வைத்திருக்கவே தயங்கின. 2014-இல் திருத்தம் வந்து விதிகள் எளிதாயின. ஆனாலும் தெருமுனை மருந்துக்கடையில் இன்றும் கேட்டுப் பயனில்லை. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். ஆகவே தொடர் விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பே அட்டையில் மீதி எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிடுகிறேன்.

இந்த வாரக் குறிப்புகளில் மாலை வலிதான் அதிகம். வியாழக்கிழமை மருத்துவரிடம் போகும்போது அடிப்படை அளவைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும்; சித்தியையும் உடன் அழைத்துப் போகிறேன், அவருடைய கேள்விகளை அவரே கேட்டுக்கொள்ளட்டும்.