நாலரை மணி நிறுவை

புதன்கிழமை நாலரைக்கு நான் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்வதில்லை. இலங்கை மலையகத்து ஹட்டனில் பனி இறங்குகிற நேரம். போனை எடுத்துக்கொண்டு வாசல் கதிரையில் உட்கார்ந்துவிடுவேன். அதே நேரம் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், முன்திண்ணையான இஸ்தோப்பின் ஜன்னலோரமாக, சிக்னல் கிடைக்கிற ஒரே இடத்தில், ஒரு மருமகள் தன் மாமியை உட்கார வைத்திருப்பார்.

"ஆத்தா, நான் ஹட்டன் டீச்சர் பேசறேன்."

ஒவ்வொரு வாரமும் இப்படித்தான் ஆரம்பம். "யாருன்னு தெரியுதா?" என்று கேட்க மாட்டேன். அது பரீட்சை வைப்பது மாதிரி. தெரியவில்லை என்றால் அவருக்குக் கூச்சம் வந்துவிடும், அப்புறம் பேச்சே வராது.

ஆத்தாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். டிமென்ஷியா என்கிற மறதி நோய் என்று தெரிந்து நாலு வருடம் ஆகிறது. இந்த நோய் உள்ளவர்களில் பலருக்குப் பொழுது சாயும்போது மனம் நிலைகொள்ளாது. வெளிச்சம் குறைகிறது, பகல் முழுக்கச் சேர்ந்த களைப்பு, இரவு பகல் அறிகிற உடம்பின் கணக்கும் தடுமாறிப்போகிறது. ஆத்தாவுக்கு அது அந்திக் கொழுந்து நிறுக்கிற நேரம். கூடை எங்கே, இடுப்பில் கட்டுகிற படங்கு எங்கே என்று தேடிக்கொண்டு மழையிலும் படியிறங்கிவிடுவார். ஒரு தடவை தேயிலைக்குள் போய்விட்டார். இருட்டிய பிறகுதான் கூட்டிவந்தார்கள். "மாமி, நீங்க வேலைய விட்டு இருபது வருஷமாச்சு" என்று மருமகள் சொல்ல, அவர் கத்த, ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த காம்பராவில் எல்லாம் கேட்கும்.

அதனால்தான் நாலரை மணி.

"இன்னிக்கு எத்தன றாத்தல் ஆத்தா?"

கிலோ என்றால் அவருக்குப் பிடிபடாது. டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமர் நோய் பெரும்பாலும் புது நினைவுகளைப் பதிய வைக்கிற மூளைப் பகுதியில்தான் முதலில் கைவைக்கும். பழையது பிறகுதான் உதிரும். காலையில் சாப்பிட்ட ரொட்டி அவரிடம் இல்லை. அந்தக் காலத்தில் நிறுத்த கொழுந்து இருக்கிறது.

"கணக்கப்புள்ள ரெண்டு றாத்தல வெட்டிப்புட்டான் டீச்சரம்மா. கொழுந்து ஈரமாம்."

"நீங்க கேக்கலயா?"

"கேக்காம வருவேனா?"

அப்புறம் அவர் கேட்ட கேள்வி முழுவதும் வரும், மலையே அதிர்கிற குரலில். எப்படியும் பத்து நிமிடம். கூடை மறந்துபோகும். அதற்குள் மருமகள் அடுப்பு மூட்டிவிடுவார், பீலியில் தண்ணீர் பிடித்துவிடுவார்.

எல்லா வாரமும் இப்படி அமையாது. ஒரு நாள், தங்கச்சியிடமிருந்து கடிதம் வந்ததா என்று கேட்டார். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குக் கப்பலேறிய லட்சக்கணக்கானவர்களில் அந்தத் தங்கச்சியும் ஒருவர். அவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன ரயிலை எங்கள் ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். அந்தக் கோச்சி ஆத்தாவுக்கு நேற்றுத்தான் புறப்பட்டிருக்கிறது. தங்கச்சி இறந்துபோனது மருமகள் சொல்லி எனக்குத் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை. "தங்கச்சி எப்படி இருப்பாங்க?" என்று கேட்டேன். "என்னைவிட நெறம்" என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை. முகம் தெரியாத போனில் மௌனம் வந்தால் லைன் கட்டானது போலத்தான் இருக்கும். அவசரப்பட்டு அடுத்த கேள்வியைப் போடக் கூடாது. "இங்கதான் இருக்கேன் ஆத்தா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

என் அம்மாவிடம் இப்படிக் காத்திருக்க எனக்குத் தெரியவில்லை. அப்பாவைத் தேடியபோதெல்லாம் "அப்பா செத்துப் பத்து வருஷம்" என்று திருத்தினேன். அவர் ஒவ்வொரு தடவையும் புதிதாக அழுதார். கிளினிக்கில் "வயசு போனா அப்படித்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டிலும் வயசுக்கோளாறு என்றே நினைத்தோம். யாழ்ப்பாணத்துச் சிநேகிதி ஒருத்தி "அறளை பெயர்ந்துட்டுது" என்பாள். அதற்கு ஒரு சொல் இருந்தது, அது நோய் என்கிற எண்ணம்தான் எங்கள் யாருக்கும் இல்லை. அந்த நாட்களில் எனக்கு யாராவது போன் எடுத்திருந்தால் என்று இப்போதும் நினைக்கிறேன்.

பிரித்தானியாவில் இதற்கென்றே தொண்டர்களைப் பழக்கி, நோய் உள்ளவர்களுக்கும் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் போனில் பேச வைக்கிற அமைப்புகள் உண்டு. நம் நாட்டில் லங்கா அல்சைமர் அறக்கட்டளை கொழும்பில் வேலை செய்கிறது. மலையிலிருந்து கொழும்புக்கு ஒரு நோயாளியைக் கூட்டிப்போய் வர ஒரு முழு நாளும் கைக்காசும் போய்விடும். போனுக்கு ரீலோட் போதும். நாங்கள் ஓய்வுபெற்ற டீச்சர்மார் நாலு பேர், ஆளுக்கு இரண்டு வீட்டோடு இப்படிப் பேசுகிறோம்.

ஆத்தா பேசி முடித்ததும் போன் மருமகள் கைக்கு வரும். மாமியைப் பார்க்க ஆளில்லாமல் மலைவேலைக்குப் போவதை நிறுத்தியவர். வேலைக்குப் போய்ப் பேர்போட்டால்தான் அன்றைய சம்பளம், ஆகவே அந்தச் சம்பளமும் இல்லை. ஆரம்பத்தில் நான் "மருந்து குடுத்தீங்களா, ராத்திரி தூங்கினாங்களா" என்று விசாரித்துக்கொண்டே இருந்தேன். ஒற்றை வார்த்தையில் பதில் வரும். ஒரு நாள் ஏதோ பேச்சில் டிவி நாடகத்தைப் பற்றிக் கேட்டேன். பதினைந்து நிமிடம் கதை சொன்னார்! இப்போது வாராவாரம் அதுதான். அந்த நாடகத்தை நான் பார்ப்பதில்லை, பார்க்கவும் மாட்டேன். அவர் வாயால் கேட்க வேண்டும். அவர் வீட்டில் அவரிடம் கதை கேட்க வேறு ஆளில்லை.

போன ஆடியில் ஒரு புதன், நாடகக் கதை வரவில்லை. "மாமிய அடிச்சிட்டேன் டீச்சர்" என்றார். நான் புத்தி சொல்லவில்லை. அழுது முடிக்கும் வரை இருந்தேன். பிறகு 1926 என்ற எண்ணைக் கலண்டரில் எழுதி வைக்கச் சொன்னேன். அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் லைன், நடுராத்திரியிலும் எடுப்பார்கள். மறுநாள் காலையும் பேசினேன், அதற்கு மறுநாளும். சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் மாமியோடு இருக்கப் பக்கத்துக் காம்பரா அக்கா ஒத்துக்கொண்டார்.

இந்த வாரம் ஆத்தா அதிகம் பேசவில்லை. றாத்தல் கேட்டேன், பதில் இல்லை. தகரத்தில் மழை விழுகிற சத்தம்தான் வந்தது. கடைசியில், "நனையாம போ டீச்சரம்மா, நாளைக்கு நிறுத்துக்கலாம்" என்றார்.

மருமகள் போனை வாங்கினார். "தங்கச்சி, அந்தப் பொண்ணு கோர்ட்டுக்குப் போனாளா இல்லையா?" என்று கேட்டேன்.

"இருங்க டீச்சர், அடுப்ப தணிச்சிட்டு வாரேன்" என்றார்.