நூறிலிருந்து ஏழு ஏழாக

தலைவலிக்கு எடுத்த எம்.ஆர்.ஐ.யில்தான் அது தெரிந்தது. மூளை ரத்தக் குழாயில் 6 மில்லிமீட்டருக்கு ஒரு புடைப்பு, அனியூரிசம். வெடிக்கவில்லை. சேலத்தில் ஸ்கேன் பார்த்த டாக்டர் "நல்லவேளை" என்றார். பைலட்டான எனக்கு லைசென்ஸ்தான் ஞாபகம் வந்தது.

தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு, புடைப்புக்குள் பிளாட்டினச் சுருளை அடைத்தார்கள். மண்டையைத் திறக்கவில்லை. நாலாம் நாள் வீட்டில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டேன். மூன்று மாதத்தில் பறந்துவிடலாம் என்று நானாக ஒரு கணக்குப் போட்டேன். பைலட்டுகளுக்கான மருத்துவப் பரிசோதனையில் 'தற்காலிகமாகத் தகுதியில்லை' என்று எழுதிவிட்டார்கள்.

என் நியூரோ டாக்டருக்கு நான் குணமான நோயாளி. விமான மருத்துவருக்கு வேறு கவலை: காக்பிட்டில் எனக்குத் திடீரென்று வலிப்போ ரத்தக் கசிவோ வந்தால்? இரண்டு பைலட் ஓட்டும் விமானத்தில் ஒருவர் அப்படிச் செயலிழக்கும் வாய்ப்பு வருடத்துக்கு 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பல நாடுகளில் புழங்கும் அளவுகோல். மண்டையைத் திறந்து கிளிப் போட்டவர்களைவிடச் சுருள் வைத்தவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு குறைவு. ஆனால் சுருள் நாளடைவில் அமுங்கி, புடைப்புக்குள் மறுபடி ரத்தம் புகலாம். அதனால் ஆறு மாதம் கழித்து ஆஞ்சியோ, அதாவது மூளை ரத்தக் குழாயை மறுபடி படமெடுத்துப் பார்ப்பது.

அந்த ஆறு மாதமும் ஸ்டியரிங்கைத் தொட வீட்டுக்காரி விடவில்லை. ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவையும் அவளே ஓட்டினாள். பக்கத்து சீட்டில் நான் காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தேன். அம்மா தினமும், "என்ன கண்ணு, எப்ப டூட்டி?"

ஆஞ்சியோ சுத்தமாக வந்தது. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி, தொப்பூர் கணவாய் தாண்டி, பெங்களூரு விமானப்படை மருத்துவ மையத்துக்குப் போனேன். அரை மணியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரி தந்த டிஸ்சார்ஜ் சீட்டில் 'சுருள் வைக்கப்பட்டது, நலம்' என்ற அளவில்தான் இருந்தது. புடைப்பு எந்தக் குழாயில், என்ன அளவு, எவ்வளவு அடைபட்டது, வலிப்பு வந்ததா, என்ன மாத்திரை, ஒன்றுமே இல்லை. படங்கள் இருந்த சிடியும் திறக்கவில்லை. அந்த ஒரு தாளுக்காக ஒரு வாரம் கவுண்டர் கவுண்டராக அலைந்தேன். டிஸ்சார்ஜ் அன்றே இதையெல்லாம் எழுதி வாங்கிவிடுங்கள். படங்களைப் பென்டிரைவில் கேளுங்கள்.

இரண்டாம் தடவை மூளை அலைப் பதிவு, பார்வைப் புலச் சோதனை, அப்புறம் ஞாபகச் சோதனை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். "நைன்டி த்ரீ, எய்ட்டி சிக்ஸ்" என்று ஆரம்பித்தவன், பதற்றத்தில் "எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு" என்று தமிழில் இறங்கிவிட்டேன். எதிரே இருந்தவர் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். விடை சரிதானே!

கோப்பு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வுக்குப் போய்த் திரும்பச் சில வாரம் ஆனது. தகுதி உண்டு, ஆனால் தகுதியுள்ள இன்னொரு பைலட் கூட இருந்தால் மட்டும். எங்கள் விமானத்தில் எப்போதும் இரண்டு பேர்தான், பரவாயில்லை. அடுத்த ஆஞ்சியோ தை மாதம். பென்டிரைவ் இரண்டும் பீரோவில், ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.