புத்தகப் பையுடன் வந்த ஃபுல் பேக்
நேற்றிரவு தூக்கம் வராமல் மெல்போர்னில் நடந்த 1993 ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து (AFL) இறுதிப் போட்டியின் பழைய காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் முழுக்க எசண்டன் அணியின் 31ஆம் எண் பையன்மேல்தான். டஸ்டின் ஃபிளெச்சர். பன்னிரண்டாம் வகுப்பு மாணவன்! அப்பா கென் ஃபிளெச்சரும் இதே அணிக்கு ஆடியவர்.

இந்த விளையாட்டில் கோல்கீப்பர் கிடையாது. உதைத்த பந்து கோல் கம்பங்களுக்கு உள்ளே போனால் 6 புள்ளி. கடைசிக் காவல் ஃபுல் பேக்தான். அந்த இடத்தில், 17 வயதில் அறிமுகமான ஒரு ஒல்லிப்பிச்சானை நிறுத்தப் பயிற்சியாளர் கெவின் ஷீடிக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம்! லாக்கெட், டன்ஸ்டல், ஏபிளட் என்று மலைமலையான ஆட்கள் கோல் அடித்துக் குவித்த காலம் அது. பையனிடம் இருந்ததோ நீண்ட கைகள். எதிராளி பந்தைப் பிடித்துவிட்டான் என்று நினைக்கும் நொடியில், பின்னாலிருந்து ஒரு கை வந்து தட்டிவிடும். அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன்.

அன்று எதிரணியான கார்ல்டனின் அணித்தலைவர் கெர்னஹன் மட்டும் 7 கோல் அடித்தார். இருந்தும் எசண்டன் 44 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. பள்ளி முடியும் முன்பே பையன் கழுத்தில் பதக்கம்.

2015இல் 400ஆவது போட்டியில் ஆடியபோது ஃபிளெச்சருக்கு வயது 40. அதே 31ஆம் எண் சட்டை.