பீப்பாய்க்காரர் பெயரில் ஒரு பட்டை

நெப்டியூனுக்கு அப்பால் பனிப்பாறைகள் சுற்றிவரும் இடத்தைக் கைப்பர் பட்டை என்கிறோம் இல்லையா, அந்தக் கைப்பரை நான் ரொம்ப நாளாக ஏதோ கிரேக்கச் சொல் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சாதாரண டச்சுக் குடும்பப் பெயராம். பீப்பாய் செய்கிறவர் என்று அர்த்தம். ஹெர்ரிங் மீனை உப்பிட்டு அடைக்கவும் பியர் ஊற்றி வைக்கவும் பீப்பாய் இல்லாமல் முடியாத நாட்டில் இந்தப் பெயர் பரவியதில் ஆச்சரியம் இல்லை. மரப்பலகைகளை வளைத்து நிறுத்தி, வெளியே இரும்புப் பட்டை மாட்டி இறுக்குவதுதான் தொழிலே. தமிழில் பீப்பாய்க்காரர் பெயரோடு 'பட்டை' சேர்ந்தது தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

'கைப்பர்' ஆங்கிலம் வழி வந்த உச்சரிப்பு. டச்சுக்காரர் மாதிரி சொல்ல வேண்டுமானால் உதட்டைக் குவித்து வைத்துக்கொண்டே 'எய்' என்று சொல்லிப் பாருங்கள், கிட்டத்தட்ட வரும். கைப் என்றால் தொட்டி. ராட்டர்டாமில் ஃபெயனூர்ட் கால்பந்து அணியின் மைதானத்துக்கும் செல்லப்பெயர் அதுதான்.

சரி, பட்டைக்குப் பெயர் தந்த வானியலாளர் ஜெரார்ட் கைப்பருக்கு வருவோம். 1905இல் பிறந்தவர், அப்பா தையல்காரர். லைடனில் படித்து அமெரிக்கா போனார். 1944இல் சனியின் நிலவான டைட்டனுக்கு வளிமண்டலம் உண்டு என்று காட்டினார், 1948இல் யுரேனஸின் மிராண்டா, அடுத்த வருடம் நெப்டியூனின் நெரீட் என்று இரண்டு நிலவுகளைக் கண்டுபிடித்தார். இதில் எதற்காவது அவர் பெயரை வைத்திருந்தால் நியாயம். பட்டை விஷயம்தான் வேடிக்கை: 1951இல் அவர் எழுதியது, சூரியக் குடும்பம் உருவான காலத்தில் அங்கே சிறு பொருட்கள் இருந்திருக்கலாம், ஆனால் புளூட்டோ அவற்றை எப்போதோ சிதறடித்திருக்கும், இப்போது மிச்சம் இருக்காது என்பதுதான். புளூட்டோவைப் பூமி அளவு கனமானது என்று நினைத்த காலம் அது. 1992இல் வானியலாளர்கள் ஜூவிட்டும் லூவும் புளூட்டோவைத் தவிர்த்து அங்கே முதல் பொருளைக் கண்டுபிடித்தார்கள். இருக்காது என்றவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது! அவருக்கு முன்பே இதைப் பற்றி எழுதிய எட்ஜ்வொர்த்தின் பெயரைச் சேர்த்துச் சொல்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அதே பெயர்க்காரர்கள் நிறைய. ஆப்ரகாம் கைப்பர் 1901 முதல் 1905 வரை நெதர்லாந்தின் பிரதமர். ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தையும் மத்திய ரயில் நிலையத்தையும் வடிவமைத்த பியர் கைப்பர்ஸ் எழுத்தை மாற்றி எழுதினாலும் அதே பீப்பாய்தான். 2021இல் வெம்பிளியில் இத்தாலி, இங்கிலாந்து மோதிய யூரோ கால்பந்து இறுதிப் போட்டியில் விசில் ஊதியவர் பியோர்ன் கைப்பர்ஸ். அப்புறம் ஆந்த்ரே கைப்பர்ஸ், மருத்துவர், இரண்டாவது பயணத்தில் மட்டும் 193 நாள் விண்வெளியில் இருந்துவிட்டு 2012இல் திரும்பினார்.

ஜெரார்ட் 1973 டிசம்பரில் இறந்தார். மூன்று மாதம் கழித்து, அவரும் பணியாற்றிய மரினர் 10 திட்டத்தின் விண்கலம் புதன் கோளைப் படமெடுத்தது. அதில் பளிச்சென்று தெரிந்த ஒரு குழிக்கு அவர் பெயரை வைத்தார்கள். படத்தில் பார்த்தால் வட்டமாக, விளிம்பு தூக்கி, தொட்டி மாதிரியே இருக்கிறது.