முதல் ஊசிக்கு முன் இருபது மில்லி ரத்தம்

குடியாத்தத்திலோ ஆரணியிலோ ஒரு நர்சிங் ஹோமில் மூன்று நாள் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டும் காய்ச்சல் அடங்காதவரை வேலூருக்கு அனுப்புகிறார்கள். சீட்டில் 'ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது' என்ற ஒரு வரிதான். என்ன மருந்து, எத்தனை கிராம், கடைசி டோஸ் எத்தனை மணிக்கு, எதுவும் இராது. கல்ச்சரும் (ரத்தத்திலுள்ள கிருமியை லேபில் வளர்த்துக் கண்டறியும் சோதனை) எடுத்திருக்க மாட்டார்கள். இங்கே எடுத்தால், ஏற்கெனவே உடம்பில் இருக்கும் மருந்து கிருமியை வளரவிடாமல் செய்துவிடலாம். என்ன கிருமி என்று தெரியாத நிலையில், மோசமாக இருப்பவருக்கு டாக்டர் பலவகைக் கிருமிகளையும் தாக்கும் வலுவான ஆன்டிபயாடிக்கான மெரோபெனம் தொடங்குவார். அது சரியே. ஆனால் ரிப்போர்ட் இல்லாமல் அதை நிறுத்த யாருக்குத் துணிவு வரும்? இப்படித் தேவையில்லாமல் நீளும் மெரோபெனம்தான் ஐசியுவில் மருந்துக்கு அடங்காத (ரெசிஸ்டன்ட்) கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் என்ற கிருமிகளுக்கு இடம் கொடுக்கிறது. அந்த மருந்தை உடைக்கும் நொதியைத் தரும் என்.டி.எம். ஜீன் பெரும்பாலும் பிளாஸ்மிடில் (கிருமிகள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் சிறு டி.என்.ஏ. வளையம்) இருப்பதால், ஒரு கிருமியிலிருந்து இன்னொரு இனக் கிருமிக்கும் தாவும்.

ஆகவே முதல் டோஸுக்கு முன்பே கல்ச்சருக்கு ரத்தம் எடுங்கள். தொற்றால் ரத்த அழுத்தம் சரிந்து ஷாக்கில் இருப்பவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து போயாக வேண்டும். ரத்தம் எடுக்கப் பத்து நிமிடம் போதும்.

பெரியவர்களுக்கு இரண்டு கைகளிலும் தனித்தனியாகக் குத்தி, பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி வீதம், குறைந்தது இரண்டு பாட்டில். 3 மில்லி எடுத்து இரண்டிலும் பங்கிடுவது வீண். கடும் தொற்றிலும் ஒரு மில்லி ரத்தத்தில் ஒரு கிருமிகூட இல்லாமல் இருப்பது சகஜம். அளவு குறைந்தால் கிருமி சிக்காது. குழந்தைகளுக்கு எடைக்குத் தக்கபடி குறைக்கலாம்.

தோலை 70% ஆல்கஹாலில் கலந்த 2% குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் 30 விநாடி தேய்த்து, முழுவதும் காயவிட வேண்டும். காய்ந்த பின் நரம்பைத் தேடி விரலை வைக்கக் கூடாது. பாட்டிலின் பிளாஸ்டிக் மூடியை எடுத்ததும் தெரியும் ரப்பரும் சுத்தமானதல்ல. அதையும் ஸ்பிரிட்டால் துடையுங்கள். மருந்து ஏற்ற ஏற்கெனவே கையில் போட்டிருக்கும் வென்ஃப்ளான் குழாயிலிருந்து ரத்தம் இழுக்காதீர்கள். அவசரத்தில் இவற்றை விட்டால் தோலில் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஒரு பாட்டிலில் வளரும். அதை நோய் என்று நம்பி வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் வீணாக ஓடும்.

ரத்த பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது. மே மாத வேலூர் வெயிலில் பைக் டிக்கியிலும் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். சிறுநீர் இதற்கு நேர்மாறு: தாமதமானால் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். சிறுநீர்க் குழாய் (கதீட்டர்) போட்டிருந்தால் பையிலிருந்து பிடிக்காமல், குழாயிலுள்ள சாம்பிள் போர்ட்டைத் துடைத்து சிரிஞ்சால் எடுங்கள்.

48 மணி நேரத்தில் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். செஃப்ட்ரியாக்சோன் கேட்கும் கிருமி என்றால் மெரோபெனத்தை அன்றே நிறுத்திவிட்டு அதற்கு மாறலாம். ரிப்போர்ட்டில் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்குக்கான வரியில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. அதன் மூலக்கூறு பெரியது, கிருமி வளர்க்கும் ஜெல்லியான அகாரில் சரியாகப் பரவாது. அகாரில் மருந்து தோய்த்த டிஸ்க் வைத்துப் பார்த்து 'சென்சிடிவ்' (மருந்துக்குக் கிருமி அடங்கும்) என்று வந்த ரிப்போர்ட்டை நம்பி மருந்து தொடங்காதீர்கள். திரவத்தில் மருந்தைப் பல அளவுகளில் கலந்து பார்க்கும் பிராத் மைக்ரோடைலூஷனில் மறுபடி பார்த்துத் தரச் சொல்லுங்கள்.